பின்கட்டுக்கு வந்த குழாய்

கோபம் என்று வந்தால் ஆதிலட்சுமிக்குச் சாணி அள்ளுகிற நேரத்தில்தான் வரும். மற்ற நேரத்தில் அவளை மாதிரித் தங்கமான பெண்பிள்ளை வேங்கிக்கால் ஏரிக்கரைத் தெருவில் கிடையாது என்று எதிர்வீட்டுப் பச்சையம்மாளே சொல்லுவாள். விடிந்தும் விடியாததுமாகக் கொட்டாயில் குனிந்து, மூன்று பசுவும் இரண்டு எருமையும் ராத்திரியெல்லாம் போட்டு வைத்ததைக் கையால் வழித்துக் கூடையில் சேர்ப்பாள். கூடை நிரம்ப நிரம்ப அவளுக்கு மூக்கு விடைக்கும். தலையில் தூக்கி வைத்துக்கொண்டு முன்கட்டுப் பக்கம் நடப்பாள். அங்கே அவளுடைய மூத்தார், அதாவது புருஷனின் அண்ணன் ராஜமாணிக்கம், தன் சமையலறைச் சுவரை ஒட்டிக் கிணறு மாதிரிக் குழி வெட்டி, அதன்மேல் பெரிய இரும்பு டிரம்மைக் கவிழ்த்து வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி. அதில் சாணியைக் கொட்டித் தண்ணீர் ஊற்றி, வைக்கோல் துணுக்கையும் கல்லையும் பொறுக்கிப் போட்டுவிட்டு, முழங்கை வரைக்கும் விட்டுக் கரைக்க வேண்டும். கரைத்து அடைப்பைத் திறந்தால் எல்லாம் குழிக்குள் போகும். டிரம் மெதுவாக எழும்பும். டிரம்மிலிருந்து கிளம்புகிற குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், ஓரகத்தி ஜோதியம்மாளின் அடுப்பில் நீலமாக எரியும்.

சாணி இவள் மாட்டுச் சாணி. கை இவள் கை. நெருப்பு மட்டும் அங்கே. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

கையைக் கழுவிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தால் அவளுக்கென்று காத்திருப்பது ஈர அடுப்பு. ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் செடி சருகு நமுத்துப் போயிருந்தது, சவுக்கு மிலாறுச் சுள்ளி தண்ணீர் குடித்துக் கிடந்தது. மண்ணெண்ணெயை ஒரு சொட்டு விட்டுப் பற்றவைத்தால் எண்ணெய் எரிந்து தீர்கிற வரைக்கும் எரியும், அப்புறம் புகையும். கேழ்வரகுக் களி கிளறி முடிப்பதற்குள் கண் இரண்டும் பழுத்துவிடும். இருமல் வந்தால் அடிவயிற்றிலிருந்து வரும். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று இருமுவாள். பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, "மாத்திரை குடுக்கறேன். ஆனா நீ இன்னும் ரெண்டு மழைக்காலம் இந்தப் புகையில குந்தினா மாத்திரை கேக்காதும்மா" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

இத்தனைக்கும் அந்தச் சாணி கேஸ் வந்ததே இவளை மாதிரிப் பொம்பளைகளுக்காகத்தான். போன வருஷம் மல்லாட்டை பிடுங்குகிற சமயத்தில் யூனியன் ஆபீசிலிருந்து கிராம சேவக் பரசுராமன் சைக்கிளில் வந்து இறங்கினான். முன்கட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள்.

"கவர்மெண்டு பாதிக்கு மேல மானியமாக் குடுக்குதுங்க. மீதிய பேங்க்ல லோன் வாங்கித் தரோம்" என்றான் பரசுராமன். "பொம்பளைங்க கண்ணு கெடாது. வெறகுக்கு மலையில ஏறி பாரஸ்ட் கார்டுகிட்ட மாட்டிக்க வேணாம். ஒரே கண்டிசன், சொந்த எடம் இருக்கணும், அஞ்சு மாடு இருக்கணும்."

"எடம் எங்கிட்ட கீது" என்றார் ராஜமாணிக்கம். "மாடு எங்கிட்ட ஏது, இருந்த ஒன்னையும் கடை வெக்கறப்ப வித்துட்டேன். அஞ்சும் தம்பிகிட்ட கீது. சொவரு வெச்சுப் பிரிஞ்சா இன்னா, ஒரே வூடுதானே. எம் பேர்ல எழுதிக்க. ரெண்டு அடுப்புக்கும் பைப்பு இழுத்துக்கலாம். இன்னா சகாதேவா?"

சகாதேவன் தலையாட்டினான். அண்ணன் கேட்டு அவன் தலையாட்டாத விஷயம் உலகத்தில் இல்லை. ஆதிலட்சுமி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மூத்தார் முன்னால் வந்து நிற்பதோ, முகம் பார்த்துப் பேசுவதோ அந்த வீட்டுப் பழக்கத்தில் கிடையாது. கல்யாணமாகி வந்த நாளாக அவரிடம் அவள் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் மாட்டைப் பார்த்துச் சொல்லுவாள், இல்லையென்றால் சுவரைப் பார்த்துச் சொல்லுவாள். கேட்க வேண்டியவர் காதில் விழுந்துவிடும்.

அன்றைக்கு ராத்திரிச் சோறு போடும்போது புருஷனிடம் கேட்டாள். "மாடு எங்க அண்ணன் வேணு கீழ்பென்னாத்தூர்லேர்ந்து ஓட்டிக்கினு வந்த கெடேரிங்க ஈன்ன வம்சம். சாணி என்னுது. பைப்பு எனக்கும் வரும்னு ஒரு பேச்சு பரசுராமன் எதிர்ல கெட்டியாப் பேசிக்கக் கூடாதாங்க?"

"எங்க அண்ணன்கிட்டயே கெட்டியாப் பேசச் சொல்றியா?" என்றான் சகாதேவன். பேச்சு அதோடு முடிந்தது.

குழி வெட்டினார்கள், டிரம் வந்தது, முன்கட்டுக்கு நெருப்பு வந்தது. பின்கட்டுக்குக் குழாய் மட்டும் வரவில்லை. மல்லாட்டை விற்றதும் போடலாம் என்றார்கள். விற்றாயிற்று. தை பிறக்கட்டும் என்றார்கள். பிறந்தது. சித்திரையில் கேட்டதற்கு, இரண்டு அடுப்புக்கு கேஸ் பத்தாது, முதலில் ஒன்று ஒழுங்காக எரியட்டும் என்று பதில் வந்தது. முன்பெல்லாம் அந்தச் சாணியை அவள் வறட்டி தட்டி அடுக்கி வைத்திருப்பாள். மழைக்காலம் முழுக்கக் கவலை இருக்காது. இப்போது வறட்டியும் போயிற்று, கேஸும் இல்லை. குழியிலிருந்து வெளியே வருகிற மக்கின சாணிக்கரைசல்கூட அண்ணன் வயலுக்குத்தான் வண்டியேறியது. ஏமாந்தவள் தலையில் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று நினைத்துவிட்டார்கள்.

அந்த ஐப்பசியில்தான் வேலூரிலிருந்து ஜீப் வந்தது. சாணி கேஸ் வேலையைப் பார்வையிடுகிற பெரிய அதிகாரியம்மா ஒருத்தி, யூனியன் கமிஷனர் சக்கரபாணி, பின்னால் பரசுராமன். ஜோதியம்மாள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கேஸ் அடுப்பில் டீ போட்டாள். டீ போடுவதைப் போட்டோ பிடித்தார்கள். மாடு கட்டுகிற கொட்டாய் பக்கத்திலேயே இருந்ததால் பேச்செல்லாம் ஆதிலட்சுமிக்குக் கேட்டது.

"டெய்லி சாணி கரைக்கிறது யாரு?" என்று வேலூர் அம்மா கேட்டாள்.

"நாங்கதாங்க" என்றாள் ஜோதியம்மாள்.

ஆதிலட்சுமி செவலைப் பசுவுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தாள். கலந்த கை அப்படியே நின்றது.

"ஏண்டி செவல, கேட்டுக்கினியா?" என்றாள் மாட்டைப் பார்த்து. குரல் நன்றாகவே எழும்பியது. "அவங்கதான் கரைக்கிறாங்களாம். கையில வெச்ச மருதாணிகூட இன்னும் அழியல, அந்தக் கையால கரைக்கிறாங்களாம். அப்ப நீ இன்னாத்துக்குடி எங்கிட்ட சாணி போட்ற? நேரா அங்க போயி அவங்க பட்டுப்பொடவ மடியில போடு."

வேலூர் அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "யாரு அது? யார்கிட்ட பேசுறாங்க?"

"எந் தம்பி பொஞ்சாதிங்க" என்றார் ராஜமாணிக்கம். "அது அப்படித்தான், மாட்டுகிட்ட பேசிக்கினு இருக்கும். கொஞ்சம் ஒரு மாதிரி. நீங்க டீ சாப்புடுங்க."

ஒரு மாதிரி. பைத்தியம் என்று சொல்ல வாய் கூசியவன் சொல்லுகிற வார்த்தை அது. அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது.

"ஆமாண்டி செவல, நான் ஒரு மாதிரிதான். வருசம் முச்சூடும் அடுத்தவ அடுப்புக்குச் சாணி சொமந்தவ ஒரு மாதிரி ஆவாம வேற இன்னாடி ஆவா? ரெண்டு அடுப்புக்கும் பைப்புன்னு சொன்ன வாய் எந்த வாய்னு கேளு. கவர்மெண்டு மானியம் குடுத்தது யார் மாட்டக் காட்டின்னு கேளு. என் அடுப்பாண்ட வந்து ஒரு நாழி குந்திட்டு போகச் சொல்லு அந்த அம்மாவ."

வந்திருந்தவள் லேசுப்பட்ட பெண் இல்லை. எழுந்து நேராகப் பின்கட்டுக்குள் போனாள். களிப்பானை அடுப்பில் இருந்தது. உள்ளே போனவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வெளியே வந்தாள்.

"எங்கிட்ட நேரா சொல்லும்மா. என்ன நடந்தது?"

ஆதிலட்சுமி வாயைத் திறந்தாள். அதிகாரியம்மாவுக்குப் பின்னாலேயே மூத்தார் வந்து நின்றுகொண்டிருந்தார்.  தலையைக் குனிந்துகொண்டு மறுபடியும் மாட்டைத்தான் பார்த்தாள்.

"அவரு கொஞ்சம் அந்தாண்ட போனா பேசுவியா?" என்று வேலூர் அம்மா கேட்டாள். கேட்டுவிட்டுத் திரும்பி ராஜமாணிக்கத்தைப் பார்த்தாள். அவர் நகரவில்லை.

வேலூர் அம்மா கமிஷனர் பக்கம் திரும்பினாள். "மாடு இந்த வீட்டு மாடு. அப்போ இந்த வீட்டுக்கும் கேஸ் வரணும் சார். கார்த்திகையில நான் மறுபடியும் வருவேன். இந்த அடுப்புக்குக் கனெக்சன் இல்லன்னா மொத்த மானியத்தையும் திருப்பிக் கேப்போம். எழுதிக்குங்க."

ஜீப் போனதும் சகாதேவன் வந்தான். 

"அத்தினி பேர் எதிர்ல எங்க அண்ணன் மானத்த வாங்கிட்டியே, உனுக்கு இப்ப குளிர்ந்துச்சா?"

"உங்க அண்ணன் என்ன பைத்தியம்னு சொன்னாரே, அப்ப நீ எங்க போன?"

"அவரு அப்படியா சொன்னாரு? ஒரு மாதிரின்னுதானே சொன்னாரு."

இவனிடம் என்ன பேசுவது? பேச்சை விட்டாள். மறுநாளிலிருந்து கூடை முன்கட்டுப் பக்கம் போகவில்லை. மழை விட்ட நேரம் பார்த்து ஏரிக்கரைப் பாறையில் வறட்டி தட்டினாள். டிரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஜோதியம்மாள் அடுப்பு முதலில் மினுக்கியது, அப்புறம் அணைந்தது. முன்கட்டிலும் புகை கிளம்பியது. சுவருக்கு அந்தப் பக்கம் ஜோதியம்மாள் இருமுவது கேட்டபோது ஆதிலட்சுமிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. ஒரு நாள் காலையில் டிரம் அரையடி எழும்பி நின்றது. மறுநாள் அவள் வழக்கத்துக்கு முன்னாலேயே எழுந்து வந்து பார்த்தாள். கொட்டாய் வழித்துச் சுத்தமாகக் கிடந்தது. அவள் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டின சகாதேவன் தொட்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். அவன் பிறந்த நாளாகச் சாணியைக் கையால் தொட்டதில்லை. அவளுக்குக் காய்ச்சல் கண்டு மூன்று நாள் படுத்திருந்தபோதுகூடக் கொட்டாய் நாறிக்கொண்டுதான் கிடந்தது.

"நில்லு" என்றாள்.

அவன் நின்றான்.

"எனுக்கு ஒடம்பு முடியாம கெடந்தப்ப உனுக்கு இந்தக் கூடை கண்ல படல. இன்னிக்கி உங்க அண்ணன் பொஞ்சாதி இருமுனதும் தலை மேல ஏறிக்கிச்சா?"

"அண்ணன் கேட்டாரு ஆதி. லோன் அவர் பேர்ல கீது. கேஸ் நின்னுட்டா பேங்க்காரன் வந்து நிப்பான்."

"நல்லது. கொண்டும் போய்க் கொட்டு. ஒரே ஒரு கூடை மட்டும் மிச்சம் வெய்யி. நான் இருமி இருமிச் சாவறப்ப என்ன எரிக்கிறதுக்கு வறட்டி வேணும். அதுக்காச்சும் எஞ் சாணி எனுக்கு இருக்கட்டும்."

அவன் கூடையை இறக்கினான். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முளையிலிருந்து ஐந்து மாட்டையும் அவிழ்த்தாள். மகன் ராஜேந்திரன் செய்யாறு ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் அவளைத் தடுக்க வேறு ஆள் இல்லை. தூறலில் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, ஒரு புளியங்குச்சியை ஒடித்து எடுத்துக்கொண்டு, மாடுகளை முன்னால் விட்டு ஓட்டினாள். குறுக்கே வயல்வெளியில் நடந்து திண்டிவனம் ரோட்டைப் பிடித்தாள். கீழ்பென்னாத்தூர் போய்ச் சேருகிறபோது பொழுது சாய்ந்துவிட்டது. கால் இரண்டும் வீங்கிக் கிடந்தது. அண்ணன் வேணு ஒன்றும் கேட்கவில்லை. மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, "சோறு துன்னு" என்று மட்டும் சொன்னான். அண்ணி கருவாட்டுக் குழம்பும் மொச்சையும் வைத்திருந்தாள். அவ்வளவு ருசியாக அவள் சாப்பிட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

திருவண்ணாமலையில் தீபத்துக்குக் கொடியேறப் போகிறது என்று பஸ்ஸில் கூட்டம் கூடத் தொடங்கின சமயத்தில் சகாதேவன் சைக்கிளில் வந்து சேர்ந்தான். முகம் மழுமழுவென்று சவரம் செய்திருந்தான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"பைப்பு போட்டாச்சி ஆதி" என்றான். "பூமிக்கடியில பொதைச்சுக் கொண்டாந்து, சொவத்துல ஓட்ட போட்டு உள்ள உட்டிருக்கு. புது அடுப்பு, ரெண்டு பர்னரு. அண்ணனே வாங்கியாந்தாரு. மேடைகூடக் கட்டியாச்சி. நீ வந்து சாணி போட்டன்னா டிரம் ஏறிக்கும்."

"மெய்யாலுமா?"

"எங்கண்ணால பாத்தேன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் சைக்கிள் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் ஒரு வருஷமாக ஆசைப்பட்ட பொருள் வந்துவிட்டது என்று கேட்கிற காது, மற்றதைக் கேட்குமா? மறுநாளே மாடுகளோடு திரும்பிவிட்டாள்.

அடுப்பு இருந்தது. பொய் இல்லை. சமையலறை மூலையில் சிமெண்ட் மேடை, மேடைமேல் பளபளவென்று இரட்டை அடுப்பு, அதிலிருந்து ரப்பர் டியூப், டியூபிலிருந்து இரும்புக் குழாய், குழாய் சுவருக்குள். பழைய மண் அடுப்பு இன்னொரு மூலையில் கறுத்துக் கிடந்தது. அவள் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பச்சையம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினாள். மூத்தார் பஞ்சாங்கம் பார்த்து நாளும் குறித்துக் கொடுத்துவிட்டார் என்று சகாதேவன் சொன்னான். கொடியேறின பிறகு வருகிற வெள்ளிக்கிழமை, வளர்பிறை, காலையில் நல்ல நேரம். புது அடுப்பில் முதல் நெருப்பு பாலுக்குத்தான். அதற்கு முன்னால் வெறும் அடுப்பைப் பற்றவைப்பது வீட்டுக்கு ஆகாது. அந்தப் பக்கத்தில் எந்தப் பெண்பிள்ளையும் செய்ய மாட்டாள். ஆதிலட்சுமியும் குழாய்த் திருகில் கை வைக்கவில்லை. மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டு மூடினாள்.

சாணி மட்டும் தவறாமல் கொட்டினாள். அவ்வளவு உற்சாகமாக அவள் சாணி கரைத்ததே கிடையாது. இது தன் அடுப்புக்கு என்று நினைத்துக்கொண்டு கரைத்தாள். டிரம் மளமளவென்று எழும்பியது.

வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஜீப் வந்தது. ராஜமாணிக்கம் வாசலிலேயே நின்றுகொண்டார். வேலூர் அம்மா பின்கட்டுச் சமையலறைக்குள் வந்தாள். துணியை விலக்கி அடுப்பைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள்.

"பத்த வைம்மா, பாத்துட்டுப் போறேன்."

"வெறும் அடுப்பப் பத்த வெக்கக் கூடாதுங்க" என்றாள் ஆதிலட்சுமி. மூத்தார் எதிரில் இல்லாததால் வார்த்தை தங்குதடையில்லாமல் வந்தது. "வெள்ளிக்கெழம பால் காய்ச்சறேன். எங்க மூத்தார்தான் நாள் பாத்துக் குடுத்தாரு. நீங்களும் வந்தா ஒரு டம்ளர் பால் குடிச்சிட்டுப் போலாம்."

"என்னால வர முடியாதும்மா. அப்போ இப்ப உனக்குத் திருப்தியா? குறை ஒண்ணும் இல்லையே?"

"இல்லீங்க. நாந்தான் அவசரப்பட்டு வாய உட்டுட்டேன். பெரிய மனசு பண்ணி செஞ்சி குடுத்துட்டாரு."

வேலூர் அம்மா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். கமிஷனர் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். பரசுராமன் ஆதிலட்சுமியைப் பார்க்காமல் போய் ஜீப்பில் ஏறினான்.

வெள்ளிக்கிழமை அவள் தலை குளித்து மஞ்சள் புடவை கட்டிக்கொண்டாள். சமையலறையைக் கழுவிக் கோலம் போட்டாள். பச்சையம்மாளும் தெருப் பெண்கள் நாலைந்து பேரும் வந்து உட்கார்ந்தார்கள். செவலையின் பாலைப் புதுப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் ஏற்றினாள். கற்பூரம் காட்டினாள். திருகைத் திருப்பித் தீக்குச்சியைக் கிழித்து வைத்தாள்.

குச்சி எரிந்து விரலைச் சுட்டது. அடுப்பு எரியவில்லை.

இன்னொரு குச்சி. இன்னொரு குச்சி. அடுத்த பர்னரைத் திருப்பிப் பார்த்தாள். காதை வைத்துக் கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஜோதியம்மாள் வடை சுடுகிற வாசனை மட்டும் கமகமவென்று வந்தது.

"பைப்புல தண்ணி கோத்துக்கினு இருக்கும்" என்றான் சகாதேவன் கதவோரம் நின்று. "பரசுராமன் வந்து பாக்கட்டும். ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"டிரம் நெறைய கேஸு கீது. முன்கட்டு அக்கா அடுப்பு எரியுது. எனுக்கு மட்டும் தண்ணி கோத்துக்கிச்சா?"

 அவள் விறுவிறுவென்று வெளியே போனாள். குழாய் சுவருக்குள் போகிற இடத்தைக் கணக்குப் பண்ணிக்கொண்டு அந்தப் பக்கம் சுற்றி வந்தாள். அங்கே சுவர் தெரியாமல் வைக்கோல் சாய்த்து வைத்திருந்தது. இரண்டு கையாலும் வாரி வாரித் தள்ளினாள். சுவர் தெரிந்தது. மழமழவென்று மண் பூசி மெழுகின முழுச் சுவர். உள்ளே போன குழாய் வெளியே வரவே இல்லை. பூமிக்கடியில் என்றானே என்று காலால் மண்ணைக் கிளறினாள். தரை இறுகிக் கிடந்தது. அங்கே யாரும் எதையும் புதைத்ததாகத் தெரியவில்லை.

உள்ளே வந்தாள். பெண்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ரப்பர் டியூபைப் பிடுங்கிப் போட்டாள். இரும்புக் குழாயை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பொலபொலவென்று மண் உதிர்ந்தது, குழாய் கையோடு வந்துவிட்டது. ஒரு முழ நீளம். சுவருக்குள் சொருகியிருந்த முனையில் மண் அப்பியிருந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை.  வேலூர் அம்மாவிடம் குறை ஒன்றும் இல்லை என்று சொன்ன வாய் தன் வாய். வேறு யாரும் சொல்லி அந்த அம்மா நம்பியிருக்க மாட்டாள். அது தெரிந்துதான் ஜீப் வருகிற தேதிக்குப் பின்னால் நாள் குறித்திருக்கிறார்கள். தன் கையால் திருகைத் தொட மாட்டாள் என்று தெரிந்துதான் வெள்ளிக்கிழமை வரைக்கும் தள்ளியிருக்கிறார்கள்.

"இந்த ஓட்டைய அடைச்சது யாரு?" என்று புருஷனைக் கேட்டாள்.

"அண்ணன் சொன்னாரு..."

"அண்ணன் சொன்னாரு. அடைச்சது யாரு?"

சகாதேவன் தன் கையைப் பார்த்துக்கொண்டான்.

"அந்த அம்மா வந்துட்டுப் போற வரைக்கும்தான்னாரு ஆதி. அடுத்த வருசம் கண்டிப்பா..."

"நீ பேசாத. இனிமே நீ எங்கிட்ட ஒன்னும் பேசாத."

பச்சையம்மாள் மெதுவாக, "பாலு கெட்டுப் போவும், எங்க வூட்ல கொண்டும் போய்க் காய்ச்சிடலாமா?" என்று கேட்டாள்.

"வேணாக்கா. இந்த வூட்லதான் காய்ச்சணும்."

பால் பாத்திரத்தைத் தூக்கி மண் அடுப்பில் வைத்தாள். சருகைச் சொருகிக் கொள்ளி வைத்தாள். ஈரச்சருகு புகைந்தது. கையிலிருந்த குழாயைத் தரையில் தட்டி மண்ணை உதிர்த்து, முந்தானையால் துடைத்து, ஒரு முனையை நெருப்புக்குக் காட்டி மறுமுனையை வாயில் வைத்து ஊதினாள். நெஞ்சு அடைத்தது, இருமினாள், மறுபடி ஊதினாள். வீடெல்லாம் புகை மண்டியது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களே தவிர ஒருத்தியும் வெளியே போகவில்லை. கடைசியில் சருகு பற்றிக்கொண்டது. பால் பொங்கி வழிந்து அடுப்பு நெருப்பில் சுர்ரென்றது.

ஒரு டம்ளரில் ஊற்றிச் சர்க்கரை போட்டாள். ஒரு கையில் டம்ளரும் இன்னொரு கையில் குழாயுமாக நடந்து, தெருவைச் சுற்றிக்கொண்டு முன்கட்டு வாசலுக்குப் போனாள். பெண்கள் பின்னாலேயே வந்தார்கள். ராஜமாணிக்கம் நாற்காலியில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். தம்பி பெண்டாட்டி நேராகத் தன்னை நோக்கி வருவதைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போகப் பார்த்தார்.

"குந்துங்க மாமா" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். கதவுக்குப் பின்னால் ஜோதியம்மாள் கரண்டியோடு வந்து நின்றாள்.

"மொத பாலுங்க. மூத்தவங்களுக்குத்தானே மொதல்ல குடுக்கணும்? நீங்க போட்டுக் குடுத்த பைப்புலதான் காய்ச்சினேன்." குழாயை அவர் காலடியில் வைத்தாள். "கேஸு வரல, என் மூச்சுதான் வந்துச்சி. பொக நாத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும். பொறுத்துக்கினு குடிங்க."

தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, புது அடுப்பு வைத்த வீட்டு முதல் பாலை வேண்டாம் என்று தள்ள அவரால் முடியவில்லை. நாள் பார்த்துக் கொடுத்ததே அவர்தான். கை நீட்டி வாங்கினார்.

"நாளையிலேர்ந்து சாணி வராதுங்க" என்றாள் ஆதிலட்சுமி. குரலை உயர்த்தவே இல்லை. "உங்க தம்பி சாணியத் தொட்டாரு, மாடு அஞ்சும் மறுபடியும் கீழ்பென்னாத்தூர் போயிரும். திங்கக்கெழம நான் வேலூர் பஸ் ஏறப்போறேன். அந்த அம்மாகிட்ட பொய் சொன்னது நானு. நானே போயி நெசத்தச் சொல்லிடறேன்."

ராஜமாணிக்கம் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். யாராவது ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களா என்று பார்த்தார். எல்லோரும் அவர் கையிலிருந்த டம்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"குடிங்க மாமா" என்றாள் அவள். "டம்ளர் வேணும் எனுக்கு. இன்னும் நாலு பேருக்கு ஊத்தணும்."

அவர் குடிக்கத் தொடங்கினார். குடித்து முடிக்கிற வரைக்கும் அவள் அவர் முகத்தைப் பார்த்தபடி அங்கேயே நின்றாள்.